வெட்டுவதற்கு முன் எடுத்த தண்ணீர்: ஹப்பர்ட் புரூக்கில் ஆறு நாள்

முதல் நாள், இரவு

வந்து சேர்ந்துவிட்டேன். பள்ளத்தாக்குக்குள் வண்டி திரும்பியதுமே வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. அக்டோபர் மாதம், மேப்பிள், பிர்ச், பீச் மூன்றும் இலையுதிர்க்கும் நேரம். காற்றே இல்லாதபோதும் எங்காவது ஓர் இலை இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இடம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள வெள்ளை மலைகள். இங்கே ஹப்பர்ட் புரூக் என்ற ஓடையைச் சுற்றி 3,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டை 1955-ல் அந்நாட்டு வனத்துறை ஆய்வுக்காக ஒதுக்கியது. காட்டை வெட்டினால் தண்ணீருக்கும் மண்ணுக்கும் என்ன ஆகும் என்ற கேள்விக்கு உலகத்தில் மிக நீண்ட காலமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கும் இடங்களில் இது ஒன்று.

நான் ஏன் இவ்வளவு தூரம் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வேலை தண்ணீர்ப் பரிசோதனை. மாதிரி பாட்டிலில் வரும், நான் அளப்பேன், எண்ணை எழுதி அனுப்புவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையோடையின் தண்ணீர் வந்தது. மேலே சரிவில் காட்டை வெட்டியிருந்தார்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தது, நைட்ரேட்டும் அந்த மாதிரி ஓடைக்கு அதிகம்தான். "காட்டை வெட்டியதால்தானே இப்படி?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, ஆனால் சொல்ல முடியவில்லை. வெட்டுவதற்கு முன் அந்த ஓடை எப்படி இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. அந்த அறிக்கையில் "ஒப்பிட முந்தைய அளவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வரி இன்னும் என்னை உறுத்துகிறது.

இங்கே மண் ஆய்வு செய்யும் அக்கா ஒருவர் என் பழைய சிநேகிதி. "ஒரு வாரம் வந்து கூட நட, பாட்டிலைத் தூக்கு" என்றார். வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள்

காலையில் முதல் வேலையே பாட்டில்தான். இத்தனை வருஷம் பாட்டிலின் அடுத்த முனையில் இருந்தவளுக்கு, அதை ஓடையில் நிரப்பும் முறையே ஒரு பாடமாக இருந்தது. ஓடையில் கீழ்ப்பக்கமாக நிற்க வேண்டும், நம் கால் கிளறும் மண் பாட்டிலுக்குள் போகாமல் இருக்க. வாயை நீரோட்டத்தை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். மூன்று முறை அதே தண்ணீரில் அலசிக் கொட்டிவிட்டு நான்காவது முறை நிரப்ப வேண்டும். நான் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பிடித்தபோது அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "விரல் படக் கூடாதும்மா. உன் வேர்வையில இருக்கிற சோடியம் இந்தத் தண்ணில இருக்கிறதை விட அதிகம்."

உண்மைதான். இந்த ஓடைத் தண்ணீர் அவ்வளவு நீர்த்தது, கிட்டத்தட்ட மழைநீர் மாதிரி.

பாட்டிலை நிரப்பும் இடம் கலிங்குக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு சிறு ஓடையின் அடிவாரத்திலும் பாறையோடு சேர்த்து ஒரு கான்கிரீட் தொட்டி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதில் தேங்கி, எஃகுத் தகட்டில் வெட்டிய 'வி' வடிவ இடைவெளி வழியாக வழிகிறது. இதுதான் அளவுக் கலிங்கு. கீழே நின்று எடுத்தால் கான்கிரீட்டிலிருந்து கரையும் கால்சியமும் கணக்கில் வந்துவிடும், அதனால்தான் மேலே.

அந்த 'வி' வடிவம் வெறும் வசதிக்காக வைத்ததல்ல. கோடையில் ஓடை நூல்போல் ஓடும்போது அந்தக் கூர்மையான அடிப்பகுதியில் சிறு மாற்றம்கூட உயரத்தில் தெரியும். வெள்ளம் வந்தால் அகலமான மேற்பகுதி அதைத் தாங்கும். தண்ணீரின் உயரம் 2 மடங்கானால் ஓடும் அளவு 5 மடங்குக்கும் மேல். உயரத்தை மட்டும் இடைவிடாமல் பதிவு செய்தால் போதும், ஓட்டத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

நாள் முழுக்க இதே வேலை: பாட்டில், வெப்பநிலை, நேரம், குறிப்பேடு. முழங்கால் வலிக்கிறது. நாளைக்கு இரண்டாம் எண் நீர்ப்பிடிப்பு. ஓர் ஓடைக்குத் தண்ணீர் வடிந்து வரும் சரிவு முழுவதையும் இங்கே அப்படிச் சொல்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

மூன்றாம் நாள்

நேற்று ஒன்றை எழுத விட்டுவிட்டேன், அது இல்லாமல் இன்றைய கதை நிற்காது. ஏன் இந்த மலை? இங்கே மண்ணுக்கடியில் உள்ள பாறை ஏறக்குறைய நீர் புகாதது. மேலே விழுந்த மழையில் செடியும் வெயிலும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் எல்லாம் ஓடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். உள்ளே வருவதை மழைமானியில் பிடிக்கலாம், வெளியே போவதைக் கலிங்கில் பிடிக்கலாம். வரவும் செலவும் எழுதிய கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு சரிவு. ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ், ராபர்ட் பியர்ஸ், நோய் ஜான்சன் ஆகியோர் 1963-ல் இங்கே இந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தார்கள்.

இரண்டு சரிவுகளை அருகருகே வைத்து அளந்து, ஒன்றை மட்டும் வெட்டிப் பார்க்கும் முறை அதற்கு முன்பே இருந்தது. கொலராடோவின் வேகன் வீல் கேப்பில் 1910-ல் அளக்க ஆரம்பித்து, ஒன்பது ஆண்டு பொறுத்து 1919-ல்தான் வெட்டினார்கள். ஒன்பது ஆண்டு! ஆனால் அவர்கள் முக்கியமாகப் பார்த்தது நீரின் அளவையும் அது அடித்துவரும் மண்ணையும். நீரில் கரைந்து போகும் சத்துகளின் கணக்கை இங்கேதான் முழுமையாக எழுதினார்கள்.

இரண்டாம் எண் நீர்ப்பிடிப்பு 15.6 ஹெக்டேர். 1965-ன் இறுதியில் அதிலிருந்த எல்லா மரத்தையும் வெட்டினார்கள். ஒரு கட்டையைக்கூட வெளியே இழுக்கவில்லை, சாலை போடவில்லை, மண்ணைக் கிளறவில்லை. விழுந்தது விழுந்த இடத்தில் கிடந்தது. பிறகு மூன்று வளர்பருவங்களுக்குக் களைக்கொல்லி தெளித்து எதுவும் முளைக்காமல் வைத்தார்கள். படிக்கும்போது எனக்கு வயிறு கலங்கியது, இன்று அந்த இடத்தில் நின்றபோதும் கலங்கியது. ஆனால் கேள்வி ரொம்பத் தெளிவானது: மற்ற எதையும் மாற்றாமல் உயிருள்ள செடியை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

முதல் ஆண்டில் ஓடையில் ஓடிய தண்ணீர், வெட்டாமல் இருந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 39 சதவீதம் கூடியது. அடுத்த ஆண்டு 28 சதவீதம். இலைகள் காற்றுக்கு ஏற்றிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது மண்ணிலேயே தங்கி ஓடைக்கு வந்தது. இதை மட்டும் கேட்டால் "அப்போ வெட்டினால் தண்ணீர் அதிகமாக் கிடைக்குமே" என்று தோன்றும். அந்தத் தண்ணீர் எதைச் சுமந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கால்சியத்தின் செறிவு 417 சதவீதம் கூடியது, பொட்டாசியம் 1,558 சதவீதம். நைட்ரேட் குடிநீருக்கு அனுமதித்த வரம்பையே தாண்டியது. காட்டுக்கு நடுவே உள்ள மலையோடையில், பக்கத்தில் வயலோ ஊரோ சாக்கடையோ இல்லாத இடத்தில்!

என்ன நடந்தது என்பதை அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்து விளக்கினார். வேர் உயிரோடு இருந்தபோது, மக்கும் சருகிலிருந்து வரும் அம்மோனியத்தை அது உடனுக்குடன் எடுத்துக்கொண்டது. எடுக்க ஆள் இல்லாமல் போனதும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிவிட்டது. அப்படி மாறும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தின் ஹைட்ரஜன் மண்துகளில் ஒட்டியிருந்த கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் இடம்பெயர்த்துத் தள்ளுகிறது. நைட்ரேட்டோ மண்ணில் ஒட்டாது, நீரோடு போகும், போகும்போது இவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். நிழல் போனதால் மண் சூடாகவும் ஈரமாகவும் இருந்தது, மக்குவதும் வேகமாகியது. பல நூறு ஆண்டு சேர்த்த சத்து, கண்ணுக்குத் தெரியாமல், தெளிந்த தண்ணீராகவே வெளியேறியது. பாட்டிலைத் தூக்கிப் பார்த்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

1969-லிருந்து மீண்டும் வளர விட்டார்கள். இப்போது அங்கே நல்ல காடு இருக்கிறது, முன்பின் தெரியாதவர் வெட்டிய இடம் என்று சொல்ல மாட்டார்.

நான்காம் நாள்

மண்ணின் நாள். கை முழுக்க இன்னும் கருப்பு, நகத்தடியில் போகவே மாட்டேன் என்கிறது.

அக்கா தன் ஆய்வுக்கு ஒரு குழி தோண்டினார், நான் வாளி தூக்கினேன். மேலே இந்த ஆண்டுச் சருகு, அதற்குக் கீழே போன ஆண்டுச் சருகு, அதற்கும் கீழே எந்த இலை என்று சொல்ல முடியாத கருப்பு மக்கு. கையில் எடுத்தால் நனைந்த காப்பித்தூள் மாதிரி. விரலால் பிரித்தேன், பிரியவில்லை. முடி மாதிரி மெல்லிய வேர்களும் வெள்ளைப் பூஞ்சை இழைகளும் அதைத் துணிபோல் நெய்து வைத்திருந்தன. ஒரு கைப்பிடியை இழுத்தால் ஒரு சாண் அகலத்துக்கு மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. அந்தத் துணிக்குக் கீழே சட்டென்று சாம்பல் நிற அடுக்கு, அதற்கும் கீழே துரு நிறம். மேலேயிருந்து இறங்கும் அமில நீர் சாம்பல் அடுக்கிலிருந்து இரும்பையும் அலுமினியத்தையும் கழுவிக் கீழே படிய வைத்ததால் இந்த நிறம். பனியாறு கொண்டுவந்து கொட்டிய கற்கள் எங்கு பார்த்தாலும். மண்ணை விடக் கல்லைத்தான் அதிகம் தூக்கினோம், ஒவ்வொன்றையும் எடை போட்டோம். கல்லைக் கழிக்காமல் ஒரு ஹெக்டேரில் எவ்வளவு மண் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

எனக்கு ஓடை பிடிபட்டுவிட்டது, மண் பிடிபடவில்லை. ஓடை தனக்கு மேலே நடந்ததையெல்லாம் கூட்டி ஒரே பாட்டிலில் தந்துவிடுகிறது. மண் அப்படி இல்லை. ஒரு மீட்டர் தள்ளித் தோண்டினால் வேறு எண். இரண்டு குழிகளுக்கு இடையே உள்ள வித்தியாசமே இருபது ஆண்டில் வரும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருந்துவிடலாம். அப்படியென்றால் ஒரு குழியை வைத்து என்ன சொல்வது?

பதில், நிறையக் குழி. ஐந்தாம் எண் நீர்ப்பிடிப்பை 1983-84 குளிர்காலத்தில் மரத்தை முழுசாக, கிளையோடு சேர்த்து வெளியே இழுத்து அறுவடை செய்தார்கள். வெட்டுவதற்கு முன்னால், 1983-ல், 60 குழிகள் தோண்டி, அடுக்கு அடுக்காக மண்ணை எடுத்து எடை போட்டு வைத்தார்கள். வெட்டிய பிறகு ஆண்டுகள் கழித்து மறுபடியும் தோண்டினார்கள். பழைய இடத்திலேயே தோண்ட முடியாது, அது ஏற்கெனவே கிளறிய மண். அதனால்தான் எண்ணிக்கை தேவைப்படுகிறது.

அதோடு இயந்திரம் போகும் தடம் வேறு. சக்கரம் அழுத்திய இடத்தில் மண்ணின் துளைகள் மூடிவிடுகின்றன, மழை உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. மேல் மக்கு கீழ் மண்ணோடு கலந்துபோகிறது. "மண்ணில் கரிமம் குறைந்ததா?" என்று கேட்டால், போனதா இல்லை கலந்து கீழே இறங்கியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேல் பத்து சென்டிமீட்டரை மட்டும் எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தப்பு. நான் இனி அப்படி வரும் மண் அறிக்கைகளை நம்பப் போவதில்லை. எவ்வளவு ஆழம், எத்தனை குழி, வெட்டுவதற்கு முன் எடுத்தது உண்டா என்று முதலில் கேட்பேன்.

ஐந்தாம் நாள்

இன்று வேலை இல்லை. பேர் புரூக் ஓடையில் ஒரே இடத்தில் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டூவர்ட் ஃபிஷரும் லைக்கன்ஸும் இந்த ஓடையின் உணவுக் கணக்கை 1973-ல் வெளியிட்டார்கள். ஓடைக்குள் வரும் ஆற்றலில் 99 சதவீதத்துக்கு மேல் சுற்றியுள்ள காட்டிலிருந்து வருகிறது: விழும் இலை, குச்சி, மண்வழி கசியும் கரிமப்பொருள். ஓடைக்குள்ளேயே வளரும் பாசியின் பங்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். எண்ணாகத் தெரிந்ததுதான். இன்று கண்ணால் பார்த்தேன்.

ஒரு பீச் இலை விழுந்தது. சுழன்றது, ஒரு கல்லில் மோதி ஒட்டிக்கொண்டது. அந்தக் கல்லில் ஏற்கெனவே முப்பது நாற்பது இலைகள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி நின்றன. மேலே இருந்தவை இன்னும் மஞ்சள், நடுவே பழுப்பு, அடியில் இருந்தவை கருத்து வழுவழுவென்று. அடியிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நரம்பு மட்டும் வலை மாதிரி நின்றது, நடுவே இருந்த சதை முழுக்கத் தின்றிருந்தது. தின்றவர் அங்கேயே இருந்தார்: இலைத் துண்டுகளை வெட்டி ஒட்டிக் குழாய்போல் கூடு கட்டி, தலையை மட்டும் வெளியே நீட்டிய ஒரு புழு, கேடிஸ் ஈயின் குஞ்சு. வீடும் சாப்பாடும் ஒரே பொருள். இலையை அப்படியே தின்பதைவிட, பூஞ்சை பிடித்து ஊறிய இலையைத்தான் இவை விரும்புமாம். இவை கடித்துச் சிதறவிடும் தூளை வடிகட்டித் தின்ன இன்னும் கீழே வேறு பூச்சிகள் காத்திருக்கும்.

அந்தக் கல்லுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சாலமாண்டர், பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளை போல ஒரு நீர்நில வாழ்வி. இந்த ஓடைகளில் வாழும் சாலமாண்டர்களுக்கு நுரையீரல் கிடையாது, தோல்வழியாகத்தான் சுவாசம். கல்லிடுக்கில் வண்டல் நிரம்பினால் அதற்கு ஒளிய இடமும் இல்லை, பூச்சியும் இல்லை. கல்லை வைத்த மாதிரியே திருப்பி வைத்துவிட்டேன்.

இப்போது மேலே மரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை வராது, வெயில் வரும். இரண்டாம் எண் ஓடையில் அதுதான் நடந்தது, கோடையில் தண்ணீர் சூடேறி, நைட்ரேட்டும் கிடைத்ததால் பச்சைப் பாசி படர்ந்தது. சாப்பாடே மாறிவிட்டால் சாப்பிடுகிறவர்களும் மாற வேண்டியதுதான். தண்ணீரின் வேதியியலை மட்டும் அளந்தால் இது தெரியாது. என் ஆய்வகத்தில் இத்தனை வருஷமாக ஓடை என்றால் எனக்குப் பத்துப் பதினைந்து எண்கள். அதில் ஒரு புழுகூட இல்லை.

கொஞ்சம் கீழே ஒரு மரம் ஓடைக்குக் குறுக்கே விழுந்து, கிளையும் சருகும் சேர்ந்து இயற்கையாகவே ஒரு சின்ன அணை உண்டாகியிருந்தது. பின்னால் முழங்கால் ஆழத்துக்குக் குட்டை, அடியில் மணலும் தூளும். ஹப்பர்ட் புரூக்கில் ஓர் ஓடையின் 175 மீட்டர் நீளத்தில் இப்படிப்பட்ட தடுப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள், அங்கிருந்து அடித்துப் போன நுண்துகள் பல மடங்கு கூடியது. வெட்டிய காட்டில் பழைய கட்டைகள் உளுத்துப்போன பிறகு புதிதாக விழ மரம் இருக்காது. இரண்டாம் எண் ஓடையிலும் மண் அடித்துப் போவது உடனே கூடவில்லை. செத்த வேரும் கிடந்த கட்டையும் கொஞ்ச காலம் கரையைப் பிடித்து வைத்திருந்தன, அவை விட்ட பிறகுதான் கூடியது. வெட்டிய ஓராண்டில் போய்ப் பார்த்து "மண்ணரிப்பு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கை பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஆறாம் நாள்

இரவு மழை. அதிகாலை அக்கா கதவைத் தட்டினார். "வா, இதைப் பார்க்காம போகாதே."

நேற்றைய நூல் இன்று கயிறாகியிருந்தது. கலிங்கின் 'வி' பாதிக்கு மேல் நிரம்பி, சத்தமே வேறு. தண்ணீர் தேநீர் நிறம். வாரம் ஒரு முறை குறித்த நாளில் எடுக்கும் பாட்டிலுக்கு இந்த இரண்டு மணிநேரம் தெரியவே தெரியாது, ஆனால் ஆண்டு முழுக்கப் போகும் மண்ணில் பெரும்பங்கு இப்படிப்பட்ட சில மணிநேரங்களில்தான் போகிறது. அதனால் வெள்ளத்தின்போது தானாகவே மாதிரி எடுக்கும் கருவிகளும் வேண்டும். கலிங்குத் தொட்டியில் படியும் மணலையும் சரளையையும் சருகையும் பிறகு வாரி எடுத்து எடை போடவும் வேண்டும். இது மண்வெட்டி வேலை, இதற்குக் குறுக்கு வழி இல்லை.

மழை சேகரிப்பானிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்தோம். 1963-ல் இங்கே மழைநீரைப் பிடித்தது வரவுக் கணக்குக்காகத்தான். அளந்து பார்த்தால் பி.எச். 3.7 (இந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அமிலம்). வட அமெரிக்காவில் அமில மழையை உலகம் அறிந்ததற்கு இந்தக் காட்டின் பாட்டில்கள் முக்கியக் காரணம். தொடர்ந்து அளந்துகொண்டிருந்தபடியால் அந்த அமிலம் பல ஆண்டுகளாக மண்ணிலிருந்து கால்சியத்தைக் கழுவிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. 1999 அக்டோபரில் ஒன்றாம் எண் சரிவின் மேல் ஹெலிகாப்டரில் கால்சியம் சிலிகேட் தூவி, இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் காடு என்ன செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

கிளம்புவதற்கு முன் அக்காவிடம் அந்த உறுத்தலைச் சொன்னேன். முந்தைய அளவு இல்லாத ஓடைக்கு இனி என்ன செய்வது? பக்கத்தில் வெட்டாத சரிவு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. ஒரே மாதிரி சாய்வா, ஒரே மாதிரி பாறையா? ஏறக்குறைய. "அப்ப ரெண்டையும் சேர்த்து அள. போனதைப் பத்தி உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்த ரெண்டாவது சரிவுக்கு நாளைக்கு யாராவது கோடரியோட வந்தா, அதுக்கு முந்தின அளவு உன்கிட்ட இருக்கும்." அப்புறம் ஒரு எச்சரிக்கையும்: இரண்டாம் எண் சரிவின் எண்களைத் தூக்கிக்கொண்டு போய் எல்லா ஓடைக்கும் ஒட்டாதே. அங்கே மூன்று ஆண்டு எதையும் முளைக்க விடவில்லை. சாதாரணமாக வெட்டி விட்ட இடத்தில் 'பின் செர்ரி' என்ற காட்டுச் செர்ரி மாதிரி மரங்கள், பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் தூங்கிய விதையிலிருந்து, முதல் கோடையிலேயே எழும்பி நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும், ஒருசில ஆண்டில் ஓடை அடங்கும். பிறகு அந்த இளங்காடு பழைய காட்டைவிட அதிகமாகக்கூட நீர் குடிக்கலாம். உன் சரிவில் என்ன முளைக்கிறது என்று போய்ப் பார்.

பையில் நாற்பது காலி பாட்டில்கள் இருக்கின்றன, அமிலத்தில் கழுவி, கழுவிய தேதி ஒட்டியவை. ஊர் போய்ச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை இரண்டு ஓடைக்கும் போகிறேன், வெட்டிய சரிவுக்கு ஒன்று, வெட்டாததற்கு ஒன்று. சக ஊழியர் இருவர் மாற்றி மாற்றி வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் கட்டம் போட்டுவிட்டேன்: தேதி, நேரம், நீரின் உயரம், வெப்பநிலை, கலங்கல், கடைசிக் கட்டத்தில் கல்லைத் திருப்பினால் தெரியும் பூச்சிகள்.